ஊருக்கு ஏது பக்கத்து வீடு?

பெருமதிப்பிற்குரிய அத்தைக்கும், நகர்மன்ற நிதிக்குழுத் தலைவர் அவர்களுக்கும் (இருவரும் நீங்கள்தான், ஆனால் இந்தக் கடிதம் இருவருக்கும் சேர்த்து),

பொருள்: எங்கள் வீட்டில் குளிக்காமல் இருந்தது தொடர்பாக.

முதலில் ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். மாமாவிடம்கூட. மாமா நல்லவர்தான், ஆனால் அவர் காதில் விழுந்தது முடிவெட்டும் கடைவரை போய்விட்டுத்தான் வீடு திரும்பும். படித்ததும் கிழித்துவிடுங்கள். கிழித்ததை உங்கள் வாசல் குப்பைத்தொட்டியில் போட வேண்டாம்; குப்பை வண்டி ஓட்டுபவர் அம்மாவின் சங்கத்தில் பொருளாளர்.

இங்கே நானும் அம்மாவும் அண்ணனும் நலம். அப்பா மிகமிக நலமாக இருக்கிறார், அதுதான் பிரச்சினை. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நாளை நீங்கள் நகர்மன்றத்தின் படிகளை ஏறியே ஆக வேண்டும். நான் சொல்லப்போகும் விஷயத்துக்கு அது அவசியம்.

எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். சமையலறைத் தரையில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக வரும் தெருவிளக்கில் எழுதுகிறேன். வீட்டு விளக்கைப் போட்டால் அப்பா விழித்துக்கொள்வார். தெருவிளக்கு நகராட்சிக் கணக்கு, யாரும் கேட்க மாட்டார்கள். நாளைய கூட்டத்துக்காக அப்பா இன்று சீக்கிரமே படுத்துவிட்டார். பின்கதவு வெறுமனே சாத்திக் கிடந்தது; இந்த வீட்டில் யாருக்கும் பொறுப்பே கிடையாது. நான்தான் தாழ்ப்பாள் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அவர் உங்கள் தம்பி. சின்ன வயதில் நீங்கள் விளையாட எடுத்த பந்துக்கு வாடகை கேட்டாராம், நீங்கள் காதைத் திருகியதும் முழுத் தள்ளுபடி கொடுத்தாராம், அம்மா சொல்லியிருக்கிறாள். நகராட்சியில் கணக்கு அதிகாரி ஆன பிறகும் அவர் மாறவில்லை. ஊரில் எந்தக் கட்டணத்தை மாற்றுவதாக இருந்தாலும் முதலில் எங்கள் வீட்டில் ஓட்டிப் பார்ப்பார். "வீடு தாங்குனா ஊர் தாங்கும்" என்பார். வாகனம் நிறுத்தக் கட்டணம் கொண்டுவந்த வருடம் வாசலில் செருப்பு விடுவதற்குக் கட்டணம் வாங்கினார். அந்த மாதம் முழுக்க அண்ணன் வெறுங்காலோடு கல்லூரிக்குப் போனான். வீடு தாங்கியது, ஊரும் தாங்கியது, அண்ணன் குதிகால்தான் தாங்கவில்லை.

இந்த வருடச் சிக்கல் உங்களுக்கே தெரியும். ஊழியர்களுக்குச் சம்பளம் ஏற்றி வருடக்கணக்காகிறது. நீரேற்று நிலையத்து மோட்டார்களுக்கு மின்சாரம் கட்டியே கஜானா காய்ந்துவிடுகிறது. தண்ணீர்க் கட்டணத்தை ஏற்றினால் பொதுமக்கள் திட்டுவார்கள், ஏற்றாவிட்டால் ஊழியர்கள் திட்டுவார்கள். மற்ற அதிகாரிகளை இந்த இரண்டு கூட்டமும் அலுவலக வாசலில் வைத்துத் திட்டும். எங்கள் அப்பாவுக்கு அது சாப்பாட்டு மேசையிலேயே கிடைக்கிறது. ஏனென்றால் மோட்டார் ஓட்டுவது அம்மா, சங்கத்தின் செயலாளரும் அம்மா.

ஒருநாள் சாப்பிடும்போது அம்மா கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

"ஏங்க, ஊழியர்களுக்குச் சம்பளம் ஏத்தி எத்தன வருஷமாச்சு?"

"இங்க பாரு, வீட்டுல ஆபீஸ் பேச்சு வேண்டாம். எந்த ஊழியரக் கேக்குற?"

"ரெண்டு எடத்துலயும் நான்தானே ஊழியர். எந்த எடத்துல மொதல்ல ஏத்தறீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"பணம் எங்கேருந்து வரும்? தண்ணிக் கட்டணத்த ஏத்துனா பொதுமக்கள் சும்மா இருப்பாங்களா?"

"பொதுமக்கள் குழம்பு கேக்கறாங்க" என்றேன் நான்.

"பொதுமக்கள் வாய மூடிக்கிட்டுச் சாப்பிடட்டும்" என்றார் அப்பா.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. எனக்குத் தெரியும், யோசனை வந்தால் அவர் இடது காது சிவக்கும், நீங்கள் திருகிய காது. மறுநாள் எங்கள் வீடு ஊராகிவிட்டது. அப்பா நகராட்சி. அம்மா ஊழியர்கள். நான் பொதுமக்கள். அண்ணன் தினமும் பைக் கழுவுவதால் அவன் தொழிற்சாலை. குளியலறை வாசலில் பெரிய பீப்பாய் வைத்து, உள்பக்கம் கோடு போட்டு, அதிலிருந்துதான் எல்லோரும் தண்ணீர் எடுக்க வேண்டும் என்றார். நாணயத்துக்குத் தன் பழைய கோட்டுகளின் கறுப்புப் பொத்தான்களை வெட்டி எல்லோருக்கும் பங்கு வைத்தார். முதல் வாளிக்கு ஒரு பொத்தான். இரண்டாவது வாளிக்கு மூன்று. "மூணாவது வாளி வேணும்னா ஒரு சட்டையவே குடுக்கணும் போலிருக்கே" என்று அண்ணன் முணுமுணுத்தான். மறுநாளே தன் சட்டையிலிருந்து ஒரு பொத்தானைப் பிய்த்து அப்பாவின் வசூல் டப்பாவில் போட்டுப் பார்த்தான். அப்பா அதைத் தெருவிளக்கில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கள்ளப் பொத்தான்" என்று ஜன்னல் வழியாக வீசிவிட்டார். அண்ணன் இன்றைக்கும் அந்தச் சட்டையின் கழுத்தை ஊக்கு குத்தித்தான் போடுகிறான்.

ஊருக்கான திட்டமும் இதேதான், அத்தை. கொஞ்சமாகச் செலவு செய்பவர்களுக்குப் பழைய கட்டணம். அளவு தாண்டினால் கட்டணம் எகிறும். அப்படிச் செய்தால் மக்கள் தாமாகவே சிக்கனமாகிவிடுவார்கள், மோட்டார் குறைவாக ஓடும், மின்சாரச் செலவு குறையும், மிஞ்சுவதை அப்படியே சம்பள உயர்வுக்குக் கொடுத்துவிடலாம். பொதுமக்களும் திட்ட மாட்டார்கள், ஊழியர்களும் திட்ட மாட்டார்கள். நினைக்கவே அழகாக இருந்தது. பொதுமக்களாகிய எனக்கே பிடித்திருந்தது, தலைக்குக் குளிக்கும் நாள் வரும்வரைக்கும்.

அன்று தலை முழுக்க நுரை. ஒரு வாளி தீர்ந்துவிட்டது. கையில் ஒரே ஒரு பொத்தான். கண் எரிகிறது. அப்பா பீப்பாய்க்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படிக்கிறார். நான் என்ன செய்வேன் அத்தை, துண்டைச் சுற்றிக்கொண்டு பின்கதவு வழியாகப் போய், குட்டைச் சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டு டெய்லர் அக்காவின் குழாயடியில் போய் நின்றேன்.

"ஐயய்யோ, யாரது தலையில பஞ்சு மூட்டையோட?"

"நான்தான்க்கா. கொஞ்சம் தண்ணி வேணும்."

"உங்க வீட்டுலயா தண்ணி இல்ல? உங்கம்மாதானடி ஊருக்கே தண்ணி விடறாங்க!"

"தண்ணி இருக்குக்கா. பொத்தான்தான் இல்ல."

அக்கா ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொத்தான் எங்கிட்ட டப்பா டப்பாவா இருக்கு. அதுக்கும் குளிக்கறதுக்கும் என்னடி சம்பந்தம்?"

அது நகராட்சி ரகசியம் என்பதால் தலையை மட்டும் கழுவிக்கொண்டேன். ஒரு தடவைதானே என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒருமுறை தாண்டிய சுவர் அடுத்த முறை தானாகவே குட்டையாகிவிடுகிறது. அந்த வாரத்திலேயே அண்ணன் ரப்பர் குழாயைச் சுவருக்கு மேலே விட்டு, அக்காவின் அதே குழாய்த் தண்ணீரில் பைக் கழுவுவதைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். "நீ என்னப் பாக்கல, நான் உன்னப் பாக்கல, புரியுதா?" என்றான். புரிந்தது.

இதனால் வீட்டுப் பீப்பாயில் தண்ணீர் அவ்வளவாகக் குறையவில்லை. அப்பா தினமும் காலையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, குனிந்து, கோட்டுக்கு நேராக மட்டம் பார்ப்பார். ஒவ்வொரு நாளும் அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. "பாத்தியா, செலவு பாதியா குறைஞ்சுடுச்சு! யாராவது திட்டுனாங்களா? யாராவது அழுதாங்களா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மாவும் சந்தோஷமாகத் தலையாட்டினாள். அம்மா இப்போதெல்லாம் வீட்டில் குளிப்பதே இல்லை, வேலை முடிந்து ஈரத்தலையோடுதான் வருகிறாள். மோட்டார் அறை ரொம்பப் புழுக்கமாம், தலையெல்லாம் வேர்த்துவிடுகிறதாம். பாவம், இவ்வளவு கஷ்டப்படுகிறவர்களுக்குச் சம்பளம் ஏற்றத்தான் வேண்டும்.

அப்பாவின் கட்டுப்பாட்டைப் பார்க்கும்போதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கும். அவர் அரை வாளிதான் எடுப்பார். ஆனால் அவர் குளித்துவிட்டு வந்தால் சோப்பு வாசனை தெருமுனைவரை வரும், முதுகுகூடப் பளபளக்கும். எப்படி அப்பா என்று கேட்டால், "மனசு இருந்தா அரை வாளி போதும்மா" என்பார். வீட்டில் மற்ற எல்லாச் செடிகளும் வாடிவிட்டன, அவர் வளர்க்கும் தொட்டிச் செடிகள் மட்டும் வாடவில்லை. செடிகளிடம் அன்பாகப் பேச வேண்டுமாம். நானும் என் செடியோடு பேசிப் பார்த்தேன். அது செத்துவிட்டது.

பிறகுதான் டெய்லர் அக்கா தண்ணீர் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சார், நான் ஒத்த ஆளு. தையல் மெஷினுக்கு நான் எண்ணெய்தான் விடறேன், தண்ணி ஊத்தறதில்ல. எனக்கு எப்படி சார் இவ்வளவு பில்லு வரும்? ஏதோ உங்க பாப்பா எப்பவாவது வந்து ஒரு..."

நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு கும்பிட்டேன். அக்கா என்னைப் பார்த்தார். "ஒரு நூல்கண்டு வாங்கிட்டுப் போவா. அவ்வளவுதான்" என்று முடித்தார். அவருக்கு நான் வாழ்நாள் முழுக்கக் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக் கொடுத்தாலும் அந்தக் கடன் தீராது. அண்ணன் திடீரென்று உள்ளே போய்ப் பாடப்புத்தகத்தை விரித்து உட்கார்ந்தான், தலைகீழாக. ஆனால் அப்பா முகம் வெளுத்ததைப் பார்க்க வேண்டுமே! ஒரு குடிமகளுக்கு அநியாய பில் வந்தது என்றதும் பீப்பாயிலிருந்து தண்ணீர் மொண்டு மடமடவென்று குடித்தார், பொத்தான் போடக்கூட மறந்துவிட்டார். "கசிவா இருக்கும்மா. கண்டிப்பாக் கசிவுதான். நாளைக்கே ஆள் அனுப்பறேன்" என்றார்.

ஆள் வந்தார். அக்காவின் தக்காளிச் செடிகளையெல்லாம் பிடுங்கிப்போட்டு, குழாய் போகும் வழி முழுக்கத் தோண்டினார். "கசிவெல்லாம் ஒண்ணுமில்ல சார். யாரோ தண்ணி புடிக்கறாங்க" என்றார். அப்பா விறைப்பாக நிமிர்ந்து, "இந்தத் தெருவுல அந்த மாதிரி ஆளுங்க யாரும் கெடையாதுப்பா. மூடிடு" என்றார். தெருவின் மேல் அவர் வைத்திருக்கும் நம்பிக்கையைப் பார்த்து அன்று இரவு நான் தலையணையில் அழுதேன். எனக்குப் புரியாத ஒன்றும் இருக்கிறது. நான் பிடித்தது எப்போதாவது ஒரு வாளி. அண்ணன் பிடித்தது பைக்குக்கு. இரண்டையும் சேர்த்தாலும் அவ்வளவு பில் வராது. ஒருவேளை குற்றவுணர்ச்சிக்கும் கட்டணம் உண்டோ என்னவோ.

எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது, போன வாரம். நீரேற்று நிலையத்தில் எல்லோரும் மோட்டாரை நிறுத்திவிட்டு வெளியே வந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார்களாம். அம்மாதான் நடுவில் நின்று, "கொஞ்சம் பொறுங்க. இந்தத் தடவ பணம் இருக்கு. எங்க வீட்டுலயே பாத்தேன், நெஜமாவே மிச்சமாகுது. என் வார்த்தைய நம்புங்க" என்று சொல்லியிருக்கிறாள். நம்பிவிட்டார்கள். வால்வு திறக்கும் தாத்தா, மகள் கல்யாணத்துக்குக் கடன் வாங்கலாமா என்று அம்மாவிடம் கேட்டாராம். வாங்குங்க என்று அம்மா சொல்லிவிட்டாளாம். இதைச் சாப்பாட்டு மேசையில் அவள் சிரித்துக்கொண்டே சொன்னபோது நான் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

ஏனென்றால் அத்தை, எதுவுமே மிச்சமாகவில்லை. எங்கள் வீட்டில் எடுக்காததைப் பக்கத்து வீட்டில் எடுத்தோம். டெய்லர் அக்கா குழாயிலும் அதே தண்ணீர்தான், அதே மோட்டார்தான், அம்மா போடுகிற அதே சுவிட்ச்தான். அப்பாவின் வரவுசெலவு அறிக்கையில் 'ஒரு மாதிரிக் குடும்பத்தில் நடத்திய ஆய்வில் பயன்பாடு பாதியாகக் குறைந்தது' என்று ஒரு வரி வருகிறது. சம்பள உயர்வு முழுக்க அந்த ஒற்றை வரியின் தோளில் உட்கார்ந்திருக்கிறது. அந்த வரியின் கீழே நிற்பது நான், நுரையோடு. நாளைக்கு நீங்கள் எல்லோரும் கை தூக்கி நிறைவேற்றிவிடுவீர்கள். ஊரில் ஒவ்வொரு வீடும் இரண்டாவது வாளிக்குப் பக்கத்து வீட்டுக்குப் போகும். பக்கத்து வீட்டுக்காரர் அதற்குப் பக்கத்து வீட்டுக்குப் போவார். கடைசியில் ஊர் எங்கே போகும்? ஊருக்கு ஏது பக்கத்து வீடு? மோட்டார் பழையபடி ஓடும், மின்சார பில் பழையபடி வரும், நடுவருடத்தில் சம்பளத்துக்குப் பணம் இருக்காது. அப்போது எல்லோரும் அம்மாவைத்தான் பார்ப்பார்கள்.

அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று பல தடவை போனேன். ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் வீட்டில் பொதுமக்கள் குறைகேட்பு வைப்பார், நான் ஒருத்திதான் வரிசையில் நிற்பேன். "அப்பா, அந்தத் தண்ணிக் கணக்கு..." என்று தொடங்குவேன். அவர் முகத்தைப் பார்த்ததும், "ரொம்ப நல்லா இருக்குப்பா" என்று முடித்துவிடுவேன். வாழ்க்கையில் ஒரு விதியைக்கூட மீறாத மனிதர் அவர். மகளே ஏமாற்றினாள் என்று தெரிந்தால் தாங்க மாட்டார். வீடு தாங்காது.

அதனால் உங்களிடம் ஒரே ஒரு உதவி. நாளை மன்றத்தில் அந்த வரி வரும்போது நீங்கள் எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "அந்த மாதிரிக் குடும்பத்துக்குப் பக்கத்து வீடு இருக்கிறதா?" அவ்வளவு போதும். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். முதலில் அவருக்குப் புரியாது, பிறகு காது சிவக்கும், பிறகு எல்லாம் புரிந்துவிடும். சம்பள உயர்வை நிறுத்திவிடாதீர்கள், அத்தை. எல்லா வாளிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டணத்தை ஏற்றுங்கள். மக்கள் திட்டுவார்கள்தான். ஆனால் திட்டிக்கொண்டே அவரவர் வீட்டுக் குழாயில் பிடிப்பார்கள், அந்தப் பணம் நிஜமாகவே வரும். பொதுமக்கள் என்ற முறையில் எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

பள்ளிக்கூடம் போகும் வழியில் இதை உங்கள் தபால்பெட்டியில் போட்டுவிடுகிறேன். மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். கடிதத்தைக் காட்டாமல் வணக்கத்தை மட்டும். உங்கள் முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும். என்னை மனசுக்குள்ளேயே ஆசீர்வதித்துவிடுங்கள், வெளியே தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
பணிவும் பயமும் உள்ள
பொதுமக்கள்

பின்குறிப்பு: மடிப்பதற்காக எழுந்தேன். ஜன்னலுக்கு வெளியே டெய்லர் அக்காவின் குழாயடியில் யாரோ இருக்கிறார்கள். தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. அண்ணன் இல்லை, அவன் குறட்டை இங்கேயே கேட்கிறது. திருடன் என்று கத்த வாயைத் திறந்துவிட்டேன். அந்த ஆள் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வாளியில் மட்டம் பார்க்கிறார். தெருவிளக்கில் முதுகு பளபளக்கிறது. பக்கத்தில் இன்னொரு வாளி இருக்கிறது. பூவாளியும் இருக்கிறது.

அத்தை, மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். விதி மீறாத மனிதர் என்று எழுதியதை அடித்துவிடுங்கள். அந்த பில்லும் இப்போது புரிந்துவிட்டது. நான் ஒருத்திதானே என்று நான் நினைத்த மாதிரியே அவரும், நான் ஒருத்தன்தானே என்று நினைத்திருப்பார். அம்மாவின் ஈரத்தலை வேர்வை இல்லை என்று இப்போதுதான் தோன்றுகிறது. எனக்குப் பயம் போய்விட்டது. நாளைக்கு நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டாம், எல்லோர் முன்னாலும் அவர் காது சிவக்க வேண்டாம். இன்றைக்கே நானே கேட்டுவிடுகிறேன். இந்த வீட்டில் பொதுமக்கள் நான்தானே. விடிவதற்குள் அந்த வரியைத் திருத்த அவருக்கு நேரம்

கதவு தட்டும் சத்தம். பின்கதவு. கையால் இல்லை, காலால் தட்டுகிறார். கை இரண்டிலும் வா